50 கிலோமீட்டர் வட்டமும் நெல் சுணையும்

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளுக்கான திருத்த வரைவு 2025 ஆகஸ்ட் 28 அன்று அரசிதழில் வெளியாகி, கருத்துக் கேட்புக்கு வந்தது. அந்த வரைவின்படி, இதுவரை சோதனை உரிமம் கேட்டுக் காத்திருந்த பெரும்பாலான இடங்களில் இனி அறிவிப்புக் கொடுத்தால் போதும். உரிமம் தேவைப்படும் சில வகைகளுக்கும் 90 நாள் 45 நாளாகக் குறைகிறது. பயோஈக்விவலன்ஸ் ஆய்வுகளில் சில வகைகளுக்கு உரிமமே வேண்டாம். இந்த இதழ் இந்த மூன்றையும் வரவேற்கிறது. ஒரு சொட்டு மருந்தின் புதிய கலவையை ஆய்வகத்தில் தயாரித்துச் சோதிக்க நினைக்கும் சிறிய குழுக்களுக்கு, காகிதத்துக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் பெரிய செலவு. அதைக் குறைப்பதில் நமக்குத் தகராறு இல்லை.

ஆனால் இந்த வரைவைத் தனியாகப் படிக்கக் கூடாது. 2024 ஆகஸ்ட் 7-இன் ஆணையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 101-ஆம் விதியின் கீழ் வந்த அந்த ஆணைப்படி அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் அனுமதி பெற்ற ஐந்து வகை மருந்துகளுக்கு உள்நாட்டுப் பரிசோதனையில் விலக்கு கிடைக்கும். நம் கண் மருத்துவத் துறைக்கு இதில் நல்லதும் உண்டு. நியூரோட்ரோஃபிக் கெரட்டைட்டிஸுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செனெஜெர்மின் போன்ற அரிய நோய் மருந்துகளுக்கும், 2023-இல் ஜப்பான் அனுமதித்த எண்டோதீலியல் செல் சிகிச்சை போன்றவற்றுக்கும் வழி எளிதாகும். நோயாளி எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள நோய்களுக்கு இங்கே தனியாக மூன்றாம் கட்ட ஆய்வு கேட்பதில் பொருளில்லை.

ஐந்தாவது வகைதான் உறுத்துகிறது: தற்போதைய சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தரும் மருந்து. நாளை ஒரு பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்து அந்த வாசல் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய கருவிழியில் சோதிக்கப்பட்டிருக்கும்? அந்த நாடுகளில் தொற்றுக் கெரட்டைட்டிஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கான்டாக்ட் லென்ஸ். நமக்கு நெல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை டாக்டர் எம். சீனிவாசன் குழு ஆராய்ந்தது. அவர்களில் 65 சதவீதத்தினருக்கு முன்பே கண்ணில் அடி பட்டிருந்தது. வளர்ந்த பூஞ்சைகளில் ஏறத்தாழ பாதி ஃபியூசேரியம். மூன்று மாதங்களும் சம்பா அறுவடைக் காலம் என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996-இல் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் அந்த எண் 11 அளவில் இருந்தது. பத்து மடங்கு நோய் இங்கே, அனுமதி அங்கே என்பது சரியான ஏற்பாடு ஆகாது. விலக்கு பெறும் மருந்துக்கு நான்காம் கட்ட ஆய்வு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அந்த ஆய்வு எந்த ஊரில் நடக்கும் என்று எந்த ஆணையும் சொல்வதில்லை. இந்த இதழுக்குப் பல ஆண்டுகளாக உள்ள கவலையே அதுதான்.

25-ஆம் விதியை எடுத்துக்கொள்வோம். ஆய்வு நடக்கும் இடத்தில் நெறிமுறைக் குழு இல்லையென்றால் வேறொரு குழுவின் ஒப்புதலில் நடத்தலாம். ஆனால் அந்தக் குழு அதே நகரத்தில் அல்லது 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும். 90 நாளை 45 ஆக்கும் திருத்தம் நிறுவனத்தின் காலத்தைத்தான் குறைக்கிறது. இந்த 50-ஐ அது தொடவில்லை.

நாகூரை நடுவில் வைத்து 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய பாதி வங்கக் கடலில் விழும். அங்கே நெல்லும் இல்லை, நெறிமுறைக் குழுவும் இல்லை. மீதிப் பாதியில் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022-இல் திறந்த நாகை அரசு மருத்துவக் கல்லூரி, காரைக்கால் ஜிப்மர் வரும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வெளியே. பூஞ்சைக் கெரட்டைட்டிஸைப் பற்றி உலகம் படிக்கும் கட்டுரைகளை எழுதிய டாக்டர் பி. ஏ. தாமஸ் பணியாற்றிய திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை வெளியே. புதுச்சேரி அரவிந்த் வெளியே. மதுரை இன்னும் தொலைவு. அதாவது, கருவிழி ஆய்வில் பழகிய நெறிமுறைக் குழு எதுவும் இந்தக் கடற்கரையோர ஊர்களில் ஓர் ஆய்வுக்கு ஒப்புதல் தந்து பொறுப்பேற்க முடியாது. வட்டத்துக்குள் இருக்கும் கல்லூரிகள் செய்யட்டுமே என்று கேட்பது எளிது. அவை இளைய நிறுவனங்கள். புறநோயாளி நெரிசலுக்கே ஆள் போதாத இடத்தில் கருவிழிச் சிறப்பு நிபுணரையும், கல்ச்சர் ஆய்வகத்தையும், மறைப்புடன் கூடிய சமவாய்ப்பு ஆய்வு நடத்தும் ஆட்களையும் ஒரே நேரத்தில் எதிர்பார்க்க முடியாது.

50 கிலோமீட்டர் விதி ஏன் வந்தது என்பது நமக்குத் தெரியும். மருந்துப் பரிசோதனைகள் குறித்த ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் தட்டிக் கேட்ட அநியாயங்களுக்குப் பிறகு, நெறிமுறைக் குழு ஆய்வு நடக்கும் இடத்தை நேரில் பார்க்கும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. எங்கோ தொலைவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பும் குழு நமக்கும் வேண்டாம். ஆனால் நியாயமான ஒரு விதி, மருத்துவ நகரங்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டால் என்ன நடக்கும்? நோய் ஓரிடத்திலும் ஆய்வு வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடும். ஆய்வில் சேர்பவர் மதுரைக்கு வந்து சேர்ந்த நோயாளி மட்டுமே ஆவார்.

நம் துறையின் பெருமைக்குரிய ஆய்வுகளை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 500 நோயாளிகளைச் சேர்த்த ஸ்கட் (SCUT) ஆய்வு, பாக்டீரியப் புண்ணில் ஸ்டீராய்டு சேர்ப்பதால் மூன்று மாத முடிவில் மொத்தமாகப் பலன் இல்லை என்று 2012-இல் காட்டியது. டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் பூஞ்சைப் புண்ணில் 323 பேரைச் சேர்த்த முதல் மட் (MUTT) ஆய்வு, குறிப்பாக ஃபியூசேரியத்தில், நட்டாமைசின் வோரிகோனசோலைவிட மேல் என்று 2013-இல் நிறுவியது. நேபாளத்தையும் சேர்த்து 240 பேருடன் நடந்த இரண்டாம் மட், கடுமையான புண்ணில் வாய்வழி வோரிகோனசோல் மொத்தத்தில் உதவவில்லை என்று 2016-இல் சொன்னது. 2017-இல் நட்டாமைசின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டுக் கண்களில் கிடைத்த அறிவுக்கு உலகப் பட்டியல் கட்டுப்பட்டது. ஆனால் இவை எல்லாமே ஸ்மியர் அல்லது கல்ச்சரில் உறுதியான புண்ணிலிருந்து தொடங்குபவை. அதாவது நோயாளி ஆய்வகம் உள்ள மருத்துவமனையை அடைந்த பிறகு.

அதற்கு முந்திய நாட்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? தை மாதம். களத்தில் தூற்றும்போது, அல்லது அறுவடை இயந்திரத்தின் பின்னால் நிற்கும்போது, சுணை கண்ணில் படுகிறது. பக்கத்து வீட்டு ஆத்தா நாக்கால் தடவி எடுப்பார். தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். மறுநாள் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் இருக்கும். அது அட்டவணை ‘எச்’ மருந்து என்பது அட்டையில் அச்சாகியிருக்கும், கொடுப்பவருக்கும் தெரியும். சிவப்பு தணியும், வலி குறையும், பூஞ்சை உள்ளே போகும். இரண்டு வாரம் கழித்து ஹைப்போபியனோடு வந்து நிற்பவரைத்தான் நாம் முதல் முறையாகப் பார்க்கிறோம். கருவிழியில் பூ விழுவதா, துளை விழுவதா, கண்ணையே எடுப்பதா என்பது அந்த இரண்டு வாரத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

அந்த முதல் மணி நேரங்களைத் தொட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. நேபாளத்தின் பக்தபூரில் 34,902 பேரைக் கண்காணித்து, கருவிழிச் சிராய்ப்புக்கு ஒரு சதவீத குளோராம்ஃபெனிகால் களிம்பு கொடுத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர் எவருக்கும் புண் வரவில்லை என்று 2001-இல் எழுதினார்கள். அதே களிம்பை அடிப்படையாக வைத்து மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் செய்த பணி 2006-இல் வெளியானது. ஏறத்தாழ எல்லோரும் புண் இல்லாமல் தேறினார்கள். இரண்டிலும் மருந்தே பெறாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. பிறகு நேபாளத்தில் ஊர்களைச் சமவாய்ப்பில் பிரித்து நடத்திய வியூ ஆய்வு, ஊர்த் தன்னார்வலர் திட்டத்தால் கருவிழிப் புண்ணின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2022-இல் அறிவித்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. மலையடிவார நேபாளத்தில் பலன் காட்டாத ஒரு திட்டம், நெல் கிடக்கும் கீழத் தஞ்சையில் என்ன காட்டும் என்பதை இங்கே நடத்தித்தான் அறிய முடியும். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டுக் கதவைத் தட்டி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதன் பணியாளர்களின் பையில் ஒரு களிம்புக் குழாயையும் ஒரு ஃப்ளோரசின் பட்டையையும் வைத்து, சில ஒன்றியங்களில் கொடுத்தும் சிலவற்றில் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு சம்பாவுக்குள் விடை தெரியும். கல்விசார் ஆய்வுக்கு 28-ஆம் விதி வழி விடுகிறது என்பதும் தெரியும். ஆனால் புதிய கலவையையோ புதிய மூலக்கூறையோ சந்தை அனுமதிக்குக் கொண்டுபோக அந்த வழி உதவாது. அப்படிப்பட்ட ஆய்வுகள் நகரத்து மருத்துவமனைகளோடு நின்றுவிடும்.

அதிகாரிகள் மேல் எனக்கு உள்ள கோபம் இன்னும் ஆழமான ஒன்றைப் பற்றியது. இந்த நோயை அவர்கள் எண்ணுவதே இல்லை. 2015 முதல் 2019 வரையிலான தேசியப் பார்வையின்மைக் கணக்கெடுப்பில், 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பார்வையின்மைக்கு முதல் காரணம் கருவிழித் தழும்பு: 37.5 சதவீதம். அதுவும் இரண்டு கண்ணும் போனவர்களின் கணக்கு. நல்ல கண்ணில் 3/60-க்குக் கீழ் இருந்தால்தான் பார்வையற்றவர் என்பது வரையறை. சுணை விழுவது ஒரு கண்ணில். ஆகவே நாகூரிலும் திருமருகலிலும் கீழ்வேளூரிலும் அறுவடையில் ஒரு கண்ணை இழந்த பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாற்றுத்திறனாளி மதிப்பீட்டிலும் மற்றொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். சலுகைகள் 40-இல் தொடங்குகின்றன. அவர் வரப்பில் ஒரு பக்கம் தெரியாமல் நடக்கிறார், நாற்று முடியைக் குறி தப்பி வீசுகிறார், கூலி குறைகிறது. தேசியப் பார்வையின்மைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் இலக்குத் தாளில் கண்புரை அறுவைக்குக் கட்டம் இருக்கிறது, இவருக்குக் கட்டம் இல்லை. ஆண்டுதோறும் இதே விண்ணப்பத்தை மாவட்டக் கூட்டங்களில் வைத்திருக்கிறோம். குறித்துக்கொள்கிறோம் என்பதே பதில். எண்ணப்படாத நோய்க்கு எவரும் ஆய்வு இடம் தேடி வரமாட்டார்கள். ஆய்வு இல்லாததால் எண்ணிக்கை பிறக்காது. இந்தச் சுழற்சியை அரசால் மட்டுமே வெட்ட முடியும், இதுவரை வெட்டவில்லை.

வரைவைப் பற்றி இந்த இதழின் கருத்து இதுதான். தொலைவுக்குப் பதிலாகப் பொறுப்பை அளவாக வையுங்கள். அனுமதி பெற்ற மருந்தைக் கொண்டு சமூக அளவில் நடக்கும், ஆபத்துக் குறைந்த கண் ஆய்வுகளில், தகுதியுள்ள நெறிமுறைக் குழு எந்த மாவட்டத்தில் இருந்தாலும் ஒப்புதல் தரலாம் என்று 25-ஆம் விதியில் ஒரு விலக்கு சேருங்கள். அதற்கு ஈடாக, ஆய்வு நடக்கும் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பொதுமனிதரும் ஒரு மருத்துவரும் அந்தக் குழுவில் வாக்குரிமையோடு இருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட இடைவெளியில் குழு நேரில் வர வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துங்கள். 50 கிலோமீட்டர் தந்த பாதுகாப்பைவிட இது குறைந்ததல்ல. 101-ஆம் விதி விலக்கில் வரும் எந்த நுண்ணுயிர்க்கொல்லிக் கண் மருந்துக்கும், ஃபியூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸும் மிகுந்த நெல் மாவட்டம் ஒன்றிலாவது நான்காம் கட்ட ஆய்வு நடக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

டெல்டாவில் பணி செய்யும் சகாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அமைச்சகத்துக்கு உங்கள் பெயரிலும் எழுதுங்கள். பத்துப் பேர் எழுதினால் ஒரு கோப்பு நகராது. இருநூறு பேர் எழுதினால் யாராவது படிப்பார்கள். அத்தோடு, வரும் தை முதல் பங்குனி வரை உங்களிடம் வரும் ஒவ்வொரு கருவிழிப் புண்ணுக்கும் ஐந்து விவரங்களைப் பதிவு செய்யுங்கள்: வயதும் தொழிலும், கண்ணில் பட்ட பொருள், பட்ட நேரத்திலிருந்து முதல் சொட்டு மருந்து வரை எத்தனை மணி, அந்த மருந்தின் பெயர், கேஓஎச் ஸ்மியர் முடிவு. ஸ்மியர் செய்ய முடியாத இடத்தில் செய்யவில்லை என்று எழுதுங்கள், அதுவும் தரவுதான். நோயாளியின் பெயர் வேண்டாம், ஊர் போதும். பதிவுப் படிவம் இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கத்தரித்துப் படி எடுத்துக்கொள்ளலாம்.