மலையில் போனவர்களுக்கும் ஒரு கல்

2023-ஆம் வருடம் ஆடி மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தது. முதல் தேதியில் ஒன்று, முப்பத்தொன்றில் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது ஆகஸ்ட் 16, புதன்கிழமை. முந்தின நாள் சுதந்திர தினம். கொடியேற்றமும் முன்னோர் திதியும் அடுத்தடுத்து அமைந்ததால், போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சொந்தபந்தம் ஒன்றுகூட அதைவிடத் தோதான நாள் இல்லை. போதாததற்கு ரயிலும் திரும்பியிருந்தது. அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்திய போடி வண்டி, பன்னிரண்டு வருடம் கழித்து அந்த ஜூன் 15-இல்தான் மறுபடி ஊர் வந்து சேர்ந்தது. சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் போடியில் இறங்கலாம் என்றான பிறகு வந்த ஆடி அமாவாசை அது.

இந்தப் பக்கத்தில் ஆடி அமாவாசை என்றால் சுருளி அருவி, இல்லாவிட்டால் வீரபாண்டியில் முல்லையாற்றங்கரை. எள்ளும் தண்ணீரும் இறைக்க உட்கார்ந்தால் மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். தகப்பன் பெயர் உடனே வரும். பாட்டன் பெயரும் வந்துவிடும். பூட்டன் பெயரைக் கேட்கும்போதுதான் ஆண்பிள்ளைகள் திரும்பி, கரையில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவைப் பார்ப்பார்கள். "இதுகூடவாடா தெரியாது?" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு அவர் சொல்வார். சில சமயம் அவருக்கும் பட்டப்பெயர்தான் நினைவிருக்கும். அதையே சொல்லி நீரை விட்டுவிட்டு எழுந்து வருவார்கள்.

வீட்டுச் சுவரில் மாலை போட்டிருக்கும் படங்களை உற்றுப் பார்க்க வேண்டும். பொட்டிபுரம், சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் என்று மலையடிவாரத்தில் வரிசையாக இருக்கும் ஊர்களில், எல்லாப் படமும் ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்காது. வாக்காளர் அட்டையிலிருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருப்பார்கள். தோளோரத்தில் பக்கத்தில் நின்றவரின் சேலைத் தலைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். தனக்கென்று ஒரு படம் எடுத்துவைக்கத் தோன்றாத வயதிலேயே போய்விட்டவர்கள் அவர்கள். எப்படிப் போனார் என்று கேட்டால், "மலைக்கு வேலைக்குப் போனப்ப" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிற வீடுகள் உண்டு.

பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் நினைவுக்கு வரும். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கும் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், பிறகு நடந்த போராட்டங்களும் வழக்குகளும் அந்தச் சின்ன ஊரின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோயின. மலையைக் குடையலாமா கூடாதா என்று பெரிய பெரிய இடங்களில் பேசினார்கள். அதே மலைவரிசையின் மேலே தினமும் போய்வருகிறவர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

விடியும் முன்பே ஜீப் ஹாரன் அடித்துவிடும். தூக்குவாளியில் சோறு, மழைக்குக் கொங்காணி, அட்டைக் கடிக்குத் தடவ ஏதாவது ஒன்று. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப்பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். கம்பம் பக்கத்து ஆட்களுக்குக் கம்பம்மெட்டு. தேவாரத்திலிருந்து சாக்குலத்து மெட்டு வழியாக ஒரு ரோடு போட்டுக்கொடுங்கள் என்பது பல காலக் கோரிக்கை. போட்டால் சுற்றுவழி மிச்சம். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க முடியும். ஒரு சுற்று எடுத்து முடித்தால் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அடுத்த சுற்று. காய் எடுப்பு சூடு பிடிக்கும் காலமும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலமும் ஒன்றாகவே வரும். ஆட்களைத் திணித்துக்கொண்டு, மூடுபனியில், நனைந்த ரோட்டில் இறங்கும் ஜீப்புகளில் எத்தனையோ கவிழ்ந்திருக்கின்றன. மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். "கூலித் தொழிலாளி பெண்கள் பலி." அதோடு சரி.

இதில் பலர் யோசித்துப் பார்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு சாவு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும். பொட்டிபுரத்துப் பெண் பூப்பாறை ரோட்டில் இறந்தால், கேரளத்துப் பஞ்சாயத்தின் புத்தகத்தில் அவர் பெயர் ஏறும். பிறந்து, வாழ்ந்து, ஓட்டுப் போட்ட சொந்த ஊரின் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. 1956 நவம்பர் 1-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோது எல்லை எப்படியெல்லாம் வெட்டும் என்று அன்றைக்குப் பேசியவர்கள்கூட இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணன் வீடு இந்தப்பக்கம், தம்பி லயம் அந்தப்பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது, அந்தப்பக்கத்துத் தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்தன. அப்போது ஆட்களாவது திரும்பி வந்தார்கள். இறந்தவர்களின் கணக்கு மட்டும் மலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 15 இதற்கெல்லாம் எங்கே வருகிறது என்று கேட்கலாம்.

அன்றைக்குத்தான் ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1958-இலேயே தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்துவிட்டது. அன்று சம்பளத்தோடு லீவு. ஜீப்பேறி நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் அன்று ஊரில் இருப்பார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் கொடி, சட்டையில் குத்திய தாள் கொடி, கையில் ஆரஞ்சு மிட்டாய். பிறகு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்த்து வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிற சபை அது. மதியம் கறிச்சோறு. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் போனவர்களிடம்தான் போய் நிற்கும். தேசத்தின் நாளும் குடும்பத்தின் துக்கமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் துக்கத்தைக் கொடிமரத்தடிக்குக் கொண்டுவர யாரும் முயன்றதில்லை.

பெயர் எழுதிவைக்கும் பழக்கம் அரசாங்கத்துக்கு இல்லாமலில்லை. சுதந்திரத்தின் வெள்ளி விழாவான 1972-இல் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தார்கள். நாடு முழுக்க ஒன்றிய அலுவலகங்களில் அந்தந்த வட்டாரத்துத் தியாகிகளின் பெயர் பொறித்த கல்தூண்களை நட்டார்கள். மேலே சொன்ன அதே 2023 ஆகஸ்டில், 'என் மண் என் தேசம்' இயக்கத்தில் பஞ்சாயத்துதோறும் கல்பலகை வைத்து, அந்த மண்ணிலிருந்து போய் நாட்டுக்காக உயிர்விட்டவர்களின் பெயரைப் பொறிக்கச் சொன்னது மத்திய அரசு. ராணுவ வீரருக்கும் காவலருக்கும் செய்தது நல்ல காரியம். ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பாதவர் நாட்டுக்கு ஒன்றும் செய்யவில்லையா? இந்திய ஏலக்காய் என்று பெட்டியில் அச்சடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்கு, அவர் குனிந்து எடுத்த காய். போடியிலும் புத்தடியிலும் மசாலாப் பொருள் வாரியத்தின் மையங்களில் தினமும் ஏலம் போகிற சரக்கு அது.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நினைவுகூரச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895-இல் பெரியாற்று அணையைக் கட்டிமுடித்த பென்னிகுக்கை அவர்கள் வீட்டுப் பெரியவராகவே வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமே எழும்பியது. அந்நிய நாட்டு இன்ஜினியர் ஒருவரை இப்படிக் குடும்பத்தோடு சேர்த்துக்கொண்ட ஊர்கள் உலகத்தில் குறைவு. ஆனால் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்து, அந்த அணைக்கு உரமான கூலிகளுக்கு யார் பொங்கல் வைப்பது? பெயர் தெரிந்தால்தானே வைக்க.

பெயரைத் தேடி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு மேலேயே சாட்சி உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையில் பெட்டிமுடி லயங்களின் மேல் மலை சரிந்தது. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள். பாட்டன், மகன், பேரன் என்று அடுத்தடுத்த லயங்களில் இருந்தவர்கள், ஒரே ராத்திரியில் வம்சத்தோடு. ஊரடங்கு காலமானதால் வெளியூரில் படித்த பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். தேடுதல் நாள் கணக்கில் நீண்டது; இரண்டு வயதுக் குழந்தையின் உடல் இருந்த இடத்தை எட்டு நாள் கழித்து அந்த வீட்டு நாய்தான் காட்டிக்கொடுத்தது. மறுநாள் கோழிக்கோட்டு விமான விபத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு பத்து லட்சம் அறிவித்தபோது, பெட்டிமுடிக்கு அறிவித்தது ஐந்து லட்சம். அந்த வித்தியாசம் அன்று பலரைச் சுட்டது, சுட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அங்கே பெயர்கள் தொலையவில்லை. ராஜமலையில் ஒரே இடத்தில் புதைத்தார்கள். வருடாவருடம் ஆகஸ்ட் 6-இல் மிச்சமிருக்கும் சொந்தங்கள் அங்கே போய் நிற்கிறார்கள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் சுதந்திர தினம்.

2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தபோதும் அப்படித்தான். மலையேற்றத்துக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள். அவர்கள் பெயர் ஊர் ஊராகத் தெரிந்தது, விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஒரே சமயத்தில் பலர் போனால் பெயர் நிற்கிறது. ஜீப்பிலும் தோட்டத்திலும் ஒவ்வொருவராகப் போகிறவர்களின் பெயர்தான் நழுவுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொட்டிபுரம் மாதிரி அடிவாரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றும் ஒரு பதிவேடு வைக்கட்டும். மலைவேலைக்குப் போன இடத்தில் இறந்தவரின் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், எந்தத் தோட்டம், என்ன நடந்தது, எங்கே அடக்கம். சுதந்திர தினக் கிராம சபையில், வரவு செலவு வாசிப்பதற்கு முன்னால் அதை வாசிக்கட்டும். வாசிக்க ஐந்து நிமிடம் ஆகுமா, அரை மணி ஆகுமா? எவ்வளவு ஆனாலும் ஆகட்டும்.

தியாகிகளோடு கூலிகளைச் சேர்த்தால் நாளின் மதிப்புக் குறையாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொடியேற்றிய கையோடு வாசித்தால் கொடிக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது. இன்னொரு பயம் இதைவிட நிஜமானது: யார் பெயர் முதலில் என்று சாதிச் சண்டை வரும். அதற்கு வழி எளிது. இறந்த தேதி வரிசை, வேறெதுவும் வேண்டாம். நஷ்டஈடு கேட்டு வந்துவிடுவார்களே என்பது மூன்றாவது தயக்கம். வரட்டும். கேரளத்தில் பதிவான சாவுக்கு இந்தப்பக்கம் ஓடியாடி ஓய்ந்துபோன குடும்பத்துக்கு, சொந்தப் பஞ்சாயத்தில் ஒரு வரி இருந்தால் அது கையில் ஒரு பிடி.

இளைஞர்களைப் போனோடு அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது எழுபதைத் தாண்டிய பெண்களை. வீரபாண்டிக் கரையில் பூட்டன் பெயரை எடுத்துக்கொடுக்கிற அதே அப்பத்தாக்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, கூடப் போனவர்கள் யார், மழைக்குள் எந்த ஓடைக்கரையில் குழி வெட்டினார்கள் என்பதுவரை அவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களில் சிலர் அடுத்த ஆடி அமாவாசைக்குச் சுவருக்குப் போய்விடுவார்கள். இந்த ஆகஸ்ட் 15-இல் தீர்மானம் போட்டால், அடுத்த கிராம சபை அக்டோபர் 2. இடையில் நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு சுற்று காய் எடுக்கிற நேரம்.