சிறு வணிகமும் இணையவழிக் கொடுப்பனவும்

மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது, பழைய மாணவர் பலரும் எழுதுவது போல விடுதிச் சோற்றையும் ஆசிரியரின் பிரம்பையும் பற்றி எழுதிவிடலாமென்றே முதலில் எண்ணினோம். அவற்றை எம்மிலும் நன்றாக எழுதவல்லார் இம்மலரிற் பலர் இருப்பர். கணக்குப் புத்தகங்களோடு நாற்பது ஆண்டு கழித்த எமக்கு, அண்மையிற் கண்ணாற் கண்டதும் கைசுட்டு அறிந்ததுமான ஒரு விடயத்தைச் சொல்வதே தகும். ஊரிலுள்ள ஒரு சிறு வணிகர் தமது இணையத்தளத்தின் வாயிலாகப் பணம் பெறுதற்கு ஏற்ற வழி யாது என்பதே அது.

யாழ்ப்பாணத்தார்க்குத் தொலைவிலிருந்து பணம் வருவது புதிதன்று. மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை பார்த்த நம் பாட்டன்மார் அனுப்பிய பணத்தினால் ஊரில் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். மணியோடர்ப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயரே வழங்கலாயிற்று. பொருளை அனுப்பிவிட்டுப் பணம் பெறுவதற்கு வி.பி.பி. என்னும் தபால் முறை இருந்தது. தபாற்காரர் பணத்தை வாங்கிக்கொண்டே பொதியைக் கொடுப்பார். பணம் அனுப்பியவரைச் சென்று சேரும். வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் காணாதபோதும், இருவரும் நம்பிய மூன்றாமவர் ஒருவர் இடையில் நின்றார். இன்று இணையத்தில் வேண்டப்படுபவரும் அத்தகைய மூன்றாமவரே. 1994 ஓகஸ்ட் 11 ஆம் நாள் அமெரிக்காவில் நெற்மார்க்கற் என்னும் சிறு கடையொன்று, மறைகுறியீட்டின் காப்போடு கடனட்டை எண்ணைப் பெற்று, ஸ்ரிங் என்னும் பாடகரின் இசைத்தட்டு ஒன்றை 12 டொலர் 48 சதத்துக்கு விற்றது. இவ்வகை விற்பனையின் தொடக்கமென்று அதனைச் சொல்வர். வியப்பு என்னவெனில், அதனைச் செய்ததும் ஒரு சிறு கடையே.

இனி எம் கதைக்கு வருவோம். எமக்குப் பல ஆண்டு பிற்பட நம் கல்லூரியிற் பயின்ற தம்பி ஒருவர், தம் தாயார் வறுத்து இடிக்கும் மிளகாய்த் தூளையும் ஒடியல் மாவையும் விற்கத் தலைப்பட்டார். அழகான இணையத்தளமும் அமைத்தார். கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கேள்வி வந்தது. தூளின் விலையிலுந் தபாற்கூலி மிகுந்தபோதும் கேள்வி குறையவில்லை. நாவின் நினைவு அத்தகையது. ஆனாற் பணம் வந்த வழிதான் கரடுமுரடானது. உள்ளூரார் வங்கியிற் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவர். ஒரே பற்றுச்சீட்டின் படம் இரு பெயரில் இருமுறை வந்ததும் உண்டு. வெளிநாட்டார் கொடுத்த பணம் ரொறன்ரோவிலுள்ள அத்தானின் கணக்கிற் சேர்ந்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை உருண்டையான ஒரு தொகையாக வந்து சேரும். எந்தத் தொகை எந்தப் பொதிக்குரியது என்பது தெரியாது. "ஐயா, அத்தானிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?" என்று தம்பி எம்மிடம் கேட்டார். எமக்கும் விடை தெரியவில்லை. கணக்குக் கேட்டால் உறவு கெடும். கேளாவிடின் கடை கெடும். சிறு வணிகத்திற் பணம் பெறும் வழியென்பது இயந்திரஞ் சார்ந்த சிறு விடயமன்று என எமக்கு உறைத்தது அன்றுதான்.

தம்பிமேற் குற்றமில்லை. பேபால் நிறுவனம் பல ஆண்டுகளாக இலங்கையிலிருந்து பணம் அனுப்ப மட்டுமே இடந்தந்தது, பெறுவதற்கு இடந்தரவில்லை. ஸ்ரைப் முதலியவற்றின் கதவும் இலங்கையிற் பதிவுசெய்த வணிகர்க்கு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. ஆதலின் அயலிலுள்ள உறவினரின் கணக்கை நாடுவது நம்மவர் வழக்கமாயிற்று. ஆயினும், உள்ளூரிலே வங்கிகளும், பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற கொடுப்பனவு வாயில்களும் அட்டைப் பணத்தை ஏற்று வணிகரின் வங்கிக் கணக்கிற் சேர்க்கும் வசதி வந்துவிட்டதைப் பலர் அறியார். கொடுப்பனவு முறைமைகளை மேற்பார்க்கும் அதிகாரம் 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தினால் மத்திய வங்கிக்கு உண்டு. இலத்திரனியல் உடன்படிக்கைகளுக்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வலுவளித்திருக்கிறது. உள்ளூரார்க்கு, 2015 முதல் வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் வழியுண்டு. 2018 இல் மத்திய வங்கி வகுத்த லங்கா கியூஆர் என்னும் பொதுக் குறியும் உண்டு.

இவ்விடயத்தில் இருதிறத்தாரோடு எமக்கு மாறுபாடு. முதல் திறத்தார் எம் வயதினர். "பொருளைக் கையிற் கொடுத்துக் காசை வாங்கு, இந்தப் பூச்சாண்டி எல்லாம் எதற்கு?" என்பர். கையிற் கொடுத்து வாங்குவது சந்தைக்குச் சரி; ரொறன்ரோவுக்குக் கை எட்டாது. மற்றைத் திறத்தார் கணினி கற்ற இளைஞர். கூடை, தள்ளுபடிச் சீட்டு, உறுப்பினர் பதிவு, அட்டை எண்ணைப் பதிந்துவைக்கும் படிவம் எனப் பெருங்கடைகளிற் கண்டவற்றையெல்லாம் முதல் நாளே கட்டிவிடத் துடிப்பர். எமது கருத்து, மூன்று பொருள் விற்பவருக்கு மூன்று பொத்தான் போதும் என்பது. பொத்தானை அழுத்தினால் வாயிலின் பக்கம் திறக்கவேண்டும், அங்கே பணம் கட்டவேண்டும், அவ்வளவே. இணையத்தளமே இல்லாதவர்க்கும் கொடுப்பனவு இணைப்பு ஒன்றை உண்டாக்கிச் செய்தியில் அனுப்பும் வசதியைப் பல வாயில்கள் தருகின்றன.

அட்டை எண்ணை எம் பக்கத்திலேயே வாங்கினால் என்ன என்று தம்பியின் நண்பர் ஒருவர் வாதாடினார். வாங்கலாகாது. 2018 இற் பிரிட்டிஷ் எயர்வேஸ் என்னும் பெரு நிறுவனத்தின் இணையத்தளத்திற் கள்ளர் சில வரி நிரலைச் செருகிவிட்டனர். வாடிக்கையாளர் தட்டிய அட்டை எண்கள் நிறுவனத்துக்குப் போனதோடு கள்ளருக்கும் போயின. 4 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்கள் பாதிப்புற்றன. 2020 இல் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 2 கோடி பவுண் தண்டம் விதித்தார். விமானம் ஓட்டுவோர்க்கே அக்கதியெனின், மிளகாய் இடிப்போர் அட்டை எண்ணைத் தொடவே கூடாது. விசா, மாஸ்ரர்காட் முதலியன கூடி வகுத்த பாதுகாப்பு நெறிகள் நீண்டவை. அச்சுமையிற் பெரும்பங்கைத் தாங்குவதற்கே வாயில் இருக்கிறது. வாங்குவோரின் பெயரும் முகவரியும் மட்டுமே நம்மிடம் இருக்கவேண்டும். அவற்றையும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவிலிருக்கக் காக்கவேண்டும்.

இனி நாம் பட்ட பிழையைச் சொல்வோம். இப்பிழையில் எமக்கும் பங்குண்டு. பணம் கட்டியபின் வாங்குவோரின் திரை எம் தளத்தின் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பும்படி அமைத்தோம். அப்பக்கம் திறந்தாற் பணம் வந்துவிட்டதென்று கொண்டு பொதி கட்டும்படி தம்பியின் தாயாரிடம் நாமே சொன்னோம். இரண்டு கிழமையில் ஏழு பொதி போயின. மாத முடிவில் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டபோது ஐந்துக்கே பணம் வந்திருந்தது. மற்றை இரண்டிலும் வங்கி அட்டையை மறுத்திருந்தது. எம் பக்கமோ அதனை அறியாமல் நன்றி கூறியிருந்தது. திரை திரும்பிவருவது ஆள் திரும்பிவருவது போன்றதே. அதனாற் பணம் வந்ததென்று ஆகாது. பணம் வந்த செய்தியை வாயிலின் கணினி நம் தளத்தின் கணினிக்குத் தனியே, வாங்குவோரின் திரை வழியாக அன்றி, நேராக அறிவிக்கும். அவ்வறிவித்தலில் இரகசியச் சாவி கொண்டு இட்ட ஒப்பம் இருக்கும். ஒப்பத்தையும் கட்டளை எண்ணையும் தொகையையும் சரிபார்த்தபின்னரே பொதியைக் கட்டவேண்டும். அதே அறிவித்தல் இருமுறை வருதலுங் கூடும். இரு பொதி அனுப்பிவிடலாகாது. இரகசியச் சாவியைப் பக்கத்தின் நிரலிற் பிறர் காண எழுதிவைப்பாரும் உளர். அது பெட்டகத் திறப்பைப் பெட்டகத்தின்மேலேயே வைப்பதாகும். பொய்க்காசு கொண்டு ஒத்திகை பார்க்கும் இடமும் வாயில்களில் உண்டு. மறுக்கப்படும் அட்டையை அங்கே ஒருமுறை பரீட்சித்திருந்தால் அவ்விரு பொதியும் தப்பியிருக்கும். நாம் வெற்றிபெறும் அட்டையை மட்டுமே பரீட்சித்தோம்.

கட்டணத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஸ்ரைப் நிறுவனம் பொதுவாக அறவிடுவது 2.9 சதவீதமும், விற்பனை ஒவ்வொன்றுக்கும் 30 சதமும். 5 டொலர்ப் பொருளுக்கு அது 44½ சதம், அதாவது நூற்றுக்கு ஒன்பதளவு. 50 டொலர்ப் பொருளுக்கு 1 டொலர் 75 சதம், நூற்றுக்கு மூன்றரை. சிறு தொகைக்கே கட்டணம் கடிக்கும். ஆகவே தூளும் மாவும் சேர்த்து ஒரு பெட்டியாக விற்கும்படி தம்பிக்குச் சொன்னோம்; தபாற்கூலிக்கும் அது நன்று. நம் நாட்டு வாயில்களின் கட்டணம் ஒன்றுக்கொன்று வேறுபடும். விற்றாலன்றிக் கட்டணம் கேளாத திட்டமே தொடக்கத்துக்கு ஏற்றது. அட்டைக்காரர் விற்பனையை மறுத்து வங்கியிடம் முறையிடும் உரிமை பொதுவாக 120 நாள்வரை நிற்குமாதலின், தபாற் பற்றுச்சீட்டுகளை அதுவரையேனும் எறியலாகாது. தம்பியின் தாயார் அவற்றை ஒரு பிஸ்கற் பெட்டியில் இட்டுவைக்கிறார்.

நம் கல்லூரியில் வர்த்தகத்தை ஒரு வகுப்பிலும் தகவல் தொழினுட்பத்தை வேறொரு வகுப்பிலும் படிப்பிக்கிறோம். ஐந்தொகை போடத் தெரிந்த மாணவர்க்கு அவ்வறிவித்தலின் ஒப்பம் தெரியாது. ஒப்பம் தெரிந்தவர்க்கு வங்கிக் கூற்றை ஒப்பிடத் தெரியாது. எம் ஏழு பொதிகளில் இரண்டு போனது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலே. ஒரு தவணையில் இரு வகுப்பும் கூடி ஒரு மெய்யான சிறு கடைக்கு இப்பணியைச் செய்து கொடுக்க ஆசிரியர்கள் இசைவார்களாயின், கணக்குப் பார்க்கும் பக்கத்துக்கு நாம் வரச் சித்தமாயிருக்கிறோம். பழைய மாணவர் சங்கத்தின் சந்தாவையே முதற் பயிற்சியாகக் கொள்ளலாம். வெளிநாட்டுக் கிளையினரின் சந்தா இன்றும் யாரேனும் ஊருக்கு வரும்போது கடித உறையில் வருகிறதென்பதைப் பொருளாளர் அறிவார்.

அவ்விரு பொதிகளுள் ஒன்றைப் பெற்ற ரொறன்ரோ அம்மையார், செய்தி கண்டதும் வெட்கப்பட்டு, அன்றே வேறோர் அட்டையாற் பணம் கட்டினார். மற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. தாயார் ஒவ்வொரு சனிக்கிழமையும் கொப்பியை விரித்துக் கட்டளை எண்ணையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுச் சரி இடுகிறார். நாலாம் பக்கத்தில் ஒரு வரிமட்டும் இன்னும் சரி இடப்படாமற் கிடக்கிறது. அதனை அடித்துவிடச் சொன்னோம், அவர் இசையவில்லை.