மைக்ராஸ்கோப்பா? மரபணுச் சோதனையா?

விருத்தாசலம் செராமிக் சூளையில் வெந்து வரும் இரண்டு பொம்மைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். களிமண் கலவை சரியில்லை என்றால் ஒன்று மட்டும் விரிசல் விடும். மூளைக் கட்டி விஷயத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

1926-ல் பெய்லி, குஷிங் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கிளையோமா கட்டிகளை வகை பிரித்தது மைக்ராஸ்கோப்பை வைத்துத்தான். அடுத்த தொண்ணூறு ஆண்டுகளுக்கு அதன் தீர்ப்பே இறுதி. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் மரபணு மாற்றங்களையும் கட்டியின் பெயரிலேயே சேர்த்தது. 2021 பதிப்பு இன்னும் கறார். பெரியவர்களுக்கு வரும் பரவும் வகை அஸ்ட்ரோசைட் கட்டி ஒன்று மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரியலாம். ஆனால் ஐடிஹெச் மரபணுவில் மாற்றம் இல்லாமல், டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மாற்றம் இருந்தால் அது கிளையோபிளாஸ்டோமா. நான்காம் நிலை! பெயர் மாறினால் சிகிச்சை மாறும். குடும்பத்துக்கு டாக்டர் சொல்லும் நாள் கணக்கும் மாறும்.

அப்படியானால் மைக்ராஸ்கோப்பை மூட்டை கட்டிவிடலாமா? கூடவே கூடாது. எடுத்த துண்டில் கட்டி செல்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது பெத்தாலஜிஸ்ட்டின் கண்தான். கட்டியே இல்லாத ஓரத் திசுவை அனுப்பினால், எத்தனை விலை உயர்ந்த மெஷினும் 'மாற்றம் இல்லை' என்றுதான் சொல்லும்.

அடுத்தது பணம். எல்லோருக்கும் எல்லா மரபணுச் சோதனையும் வேண்டியதில்லை. திசுவின் மேல் செய்யும் ஐடிஹெச்1 சாயச் சோதனையே ஐடிஹெச் மாற்றங்களில் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்துவிடும். அதோடு ஏடிஆர்எக்ஸ் புரதமும் காணாமல் போயிருந்தால் அது அஸ்ட்ரோசைட்டோமா. குரோமோசோம் சோதனை மிச்சம். 55 வயதைத் தாண்டியவருக்கு மைக்ராஸ்கோப்பில் தெளிவான கிளையோபிளாஸ்டோமா தெரிந்து, சாயச் சோதனையும் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்திய நியூரோ ஆங்காலஜி சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிப் படிப்படியாகத்தான் போகச் சொல்கிறது.

விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறும் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு இந்த வரிசைதான் முக்கியம். மூளை ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இந்த இரண்டு சாயச் சோதனைகள் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதிலும் விடை கிடைக்காத கேஸ்களை மட்டும் பெரிய லேபுக்கு அரசு செலவிலேயே அனுப்ப வேண்டும். மைக்ராஸ்கோப்பும் மரபணுவும் போட்டியாளர்கள் அல்ல. முதல் கேள்வியை மைக்ராஸ்கோப் கேட்கட்டும், மிச்சக் கேள்விக்கு மரபணு பதில் சொல்லட்டும்.