கணக்கும் ஓர் அமானிதமே

 

எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூசுஃப் நபி (அலை) அவர்கள், பேணிக் காக்கும் பண்பு, அறிவு ஆகிய இரண்டையே தம் தகுதிகளாகக் கூறினார்கள். நிர்வாகப் பணி முழுவதும் இவ்விரண்டில் அடங்கும்.

கோவையின் ஆலைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் யாவற்றுக்கும் வரவு செலவு, பணியாளர், கட்டடப் பராமரிப்பு மூன்றையும் ஒருங்கே கவனிப்போர் தேவை. பி.காம். முடித்த நம் மக்கள், ஆண்களாயினும் பெண்களாயினும், இதனை வெறும் குமாஸ்தா வேலையென ஒதுக்கலாகாது. அப்பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றோர், அடிப்படைத் தேர்வு எழுதாமலே சி.ஏ. இடைநிலையில் சேரலாம். அதற்கான அலுவலகப் பயிற்சியும் 2023-இல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது.

முதற்பயிற்சி நம் மஹல்லாவிலேயே உண்டு. பள்ளிவாசல் கடை வாடகை, மின்கட்டணம், இமாமின் சம்பளம், ஹவுளு பழுதுபார்ப்பு ஆகியவற்றை ஓராண்டு முறையாக எழுதிப் பழகுங்கள். 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டப்படி, முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்திடம் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். துண்டுச் சீட்டுகளில் கிடக்கும் கணக்கு நேர்மையாளரையும் ஐயத்திற்கு ஆளாக்கிவிடும்.

ஜமாஅத் பெரியோர்களே! அந்தப் பேரேட்டைப் படித்த பிள்ளைகளிடம் நம்பிக் கொடுங்கள். ஊரின் அமானிதமும் காக்கப்படும். அவர்களின் எதிர்காலத்துக்கும் வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.