பிள்ளையின் கடவுச்சீட்டு யார் கையில்?

தாயும் தந்தையும் பிரிந்து, அந்தப் பிரிவை நீதிமன்றமும் அங்கீகரித்து, பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்பதும் தீர்மானமாகி, இனிமேல் வழக்கு வம்பு இல்லையென்று இரு வீட்டாரும் ஆறுதல் கொண்டிருக்கும் வேளையில், புதிதாக முளைக்கும் தகராறு ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கவேண்டும் என்று ஒருவர் சொல்வார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று மற்றவர் சொல்வார். வழக்கு நடந்த காலத்தில் நகையைப் பற்றி வாதித்தார்கள், தாபரிப்புப் பணத்தைப் பற்றி வாதித்தார்கள், சீராக வந்த பித்தளை அண்டா யாருக்கு என்பதையும் விடாமல் வாதித்தார்கள். கடவுச்சீட்டு மட்டும் இரு தரப்புச் சட்டத்தரணிகளின் நினைவிலும் வரவில்லை.

தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எதற்கு என்று நகரத்து வாசகர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர் ஊவா மாகாணத்தின் சரித்திரத்தை அறியாதவர். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரை, 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைக்கணக்கில் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது; 1974-இல் அந்த மிச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஓரடுப்பில் பொங்கி உண்ட சகோதரருள் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வாய்த்த குடும்பங்களின் கதை மலையகத்துக்குப் புதிதன்று. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே மக்கள் அழைத்தார்கள். அக்கரை சேர்ந்தவர்களில் பலர், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு நீலகிரியில் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களில் திரும்பவும் கொழுந்துக் கூடையைச் சுமந்தார்கள்.

ஆகையால், இன்று பசறையிலோ லுணுகலையிலோ வளரும் ஒரு பிள்ளைக்குப் பாட்டியின் தங்கை கூடலூரில் இருப்பதும், அங்கே ஒரு கலியாணம், ஒரு சாவு என்றால் கடல் கடக்கவேண்டியிருப்பதும் வியப்பன்று. மதுரையில் கண் வைத்தியம், கட்டாரில் வேலை செய்யும் தகப்பன் அழைக்கும் விடுமுறை, பாடசாலை விளையாட்டுக் குழுவின் சென்னைப் பயணம் என்று வேறு காரணங்களும் பெருகி வருகின்றன. அன்று ஒப்பந்தத்தின் கீழ் மனுப் போட்டபோது சிறு பிள்ளைகளின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. தகப்பன் வைத்த கைநாட்டின் பின்னால் அவர்களும் போனார்கள். பெரியவர் ஒருவரின் கையொப்பத்தினால் பிள்ளையின் பிரயாணம் தீர்மானமாகும் வழக்கம் வேறு வேஷத்தில் இன்றும் தொடர்கிறது.

நம் நாட்டு நடைமுறை இது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு வழங்குவதற்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பெற்றோர் இருவரின் சம்மதத்தையும் எதிர்பார்க்கிறது. விவாகரத்து ஆகியிருந்தால் அதற்குரிய தீர்ப்பையும், பிள்ளையின் கட்டுக்காவல் யாருக்கு என்ற நீதிமன்றக் கட்டளையையும் காட்டவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் தம் சம்மதத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பவேண்டும். இவ்வளவு பிரயத்தனத்தின் பின் கைக்கு வரும் சிறுவர் கடவுச்சீட்டு மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஐந்து வயதில் ஓய்ந்த சண்டை எட்டு வயதில் புத்துயிர் பெறுகிறது, பதினொன்றில் மறுபடியும்.

இரு கையொப்பம் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை ஒருவர் இரவோடு இரவாக வெளிநாட்டுக்குக் கடத்திக்கொண்டு போய்விடுவார் என்ற அச்சம் கற்பனையன்று. அதற்கென்றே 1980-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று; இலங்கை 2001-இல் அதில் சேர்ந்து, அதே ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டத்தால் அதனை உள்நாட்டுச் சட்டமும் ஆக்கியது. அநியாயமாகக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வசித்த நாட்டுக்கே திருப்பி அனுப்பவேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் நம் மக்களுக்கு உறவும் பிழைப்பும் உள்ள தேசங்கள் எவை? இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் சேரவில்லை. கனடாவுக்கோ பிரான்ஸுக்கோ கொண்டுபோன பிள்ளையைத் தேட ஒரு வழி இருக்கிறது. கூடலூருக்கும் குவைத்துக்கும் அந்த வழி இல்லை. பதுளையில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட எந்தத் தோட்டத் தொழிலாளிக்குச் சக்தி உண்டு? எனவே, பிள்ளை திரும்பி வராதோ என்று அஞ்சிக் கையெழுத்திட மறுக்கும் தாயை அல்லது தகப்பனைப் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஆனால் எல்லா மறுப்பும் அச்சத்தினால் பிறப்பதில்லை. தாபரிப்புப் பாக்கியைக் கேட்காமல் விட்டால் ஒப்பமிடுகிறேன் என்று பேரம் பேசுபவர் இருக்கிறார். காரணமே சொல்லாமல் மௌனம் சாதித்து, அந்த மௌனத்தினாலேயே காரியத்தைக் கெடுப்பவரும் இருக்கிறார். எடுத்து முடித்த கடவுச்சீட்டைத் தகரப்பெட்டியில் பூட்டிவைத்து, தொலைந்துபோயிற்று என்று சாதிக்கும் தாய்மாரும் இல்லாமலில்லை. இவர்களுக்கெல்லாம் மேலாக, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத மனிதரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் நிலைமை ஒன்று உண்டு. ஊவாவின் தோட்டங்களில் இதுவே அதிகம் என்று எண்ணுகிறேன்.

ஏனெனில், இங்கே பிரிந்து வாழ்பவர் எல்லாரும் விவாகரத்துப் பெற்றவர் அல்லர். கொழும்பில் கடைச் சிப்பந்தியாகப் போன கணவன் அங்கேயே வேறொரு குடித்தனம் அமைத்துக்கொள்கிறான்; மனைவி லயத்தில் மாமியாரோடு இருந்து கொழுந்தெடுத்துப் பிள்ளையை வளர்க்கிறாள்; நீதிமன்றப் படி ஏறியவர் எவரும் இல்லை. ஏறினாலும் வழி இலகுவன்று. பொதுச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக்கு ஒருவர்மேல் குற்றம் நிரூபிக்கப்படவேண்டும்: பிறர்மனைத் தொடர்பு, வன்மத்துடன் கைவிடுதல், விவாக காலத்தில் இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றே காரணங்கள். விலாசம் தெரியாத கணவனுக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கவேண்டும். முதல் தீர்ப்பு வந்த பிறகு அது இறுதியாக மூன்று மாதம் பொறுக்கவேண்டும். இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். அதே பதுளை மாவட்டத்தில், மலையடிவாரத்துக் கிராமத்தில் வாழும் கண்டியச் சிங்களத் தம்பதியர், 1952-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விவாகம் செய்தவராயின், இருவரும் மனமொத்து மாவட்டப் பதிவாளரிடம் சென்றே விடுதலை பெறலாம். மேலே தோட்டத்தில் வாழும் தமிழ்த் தம்பதியருக்கு அவ்வழி இல்லை. ஒரு மலையின் இரு சரிவுகளில் இரண்டு நியாயம். இதைப் பற்றித் தலைவர்கள் பேசக் கேட்டிலேன்.

கட்டுக்காவல் கட்டளை இல்லாத அந்தத் தாய் கடவுச்சீட்டுக்கு மனுப் போட்டால், தகப்பனின் சம்மதம் எங்கே என்று கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம், சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி என்று அலையும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாட்சம்பளம், போய்விடுகிறது. திணைக்களத்தின் தலைமையகம் உள்ள பத்தரமுல்லைக்குப் போகச் சொன்னால், பதுளையிலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் சுமார் 290 கிலோமீற்றர். பத்து மணி நேரத்துக்குக் குறையாத பிரயாணம். போய் வருவதில் மேலும் இரண்டு மூன்று பேர். 2024-இல் 1,350 ரூபாய் ஆக்கப்பட்டிருந்த நாட்சம்பளத்தை வைத்துக்கொண்டு இந்தச் செலவை அளந்து பார்க்கவேண்டும். இதே அரசாங்கம், வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல விரும்பும் தாய்க்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக்கூடாது என்று 2013-இல் விதித்து, டொலர் தட்டுப்பாடு வந்த 2022-இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்துக்கொண்டது. இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் போகலாம். தாயைப் பார்க்கப் பிள்ளை போகவேண்டுமானால் மறைந்துபோன தகப்பனின் கையெழுத்து வேண்டும்.

அண்டை நாட்டில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் இரு பெற்றோரும் ஒப்பமிடுவதே வழக்கமாயினும், ஒருவரின் சம்மதம் கிடைக்காதபோது மற்றவர் தம் நிலைமையை விளக்கிப் பிரகடனம் செய்து விண்ணப்பிக்க ஒரு தனிப் படிவம் உண்டு. அப்படியிருந்தும், ஜப்பானுக்குக் கல்விப் பிரயாணம் செல்லத் தேர்வான 17 வயது மாணவி ஒருத்திக்கு, பெற்றோரிடையே வழக்கு நடப்பதையும் தகப்பன் ஆட்சேபிப்பதையும் காரணம் காட்டிக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்கவில்லை. வெளிநாடு செல்லும் உரிமை அடிப்படை உரிமை என்றும், பெற்றோரின் பூசலால் பிள்ளையின் வாய்ப்புக் கெடக்கூடாது என்றும் கருதி, இரு வாரத்துக்குள் கடவுச்சீட்டு வழங்குமாறு கட்டளையிட்டது. நம் அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்புரை இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. நாட்டை விட்டுப் புறப்படும் சுதந்திரத்தை அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் 1991-இல் நாம் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 10-ஆம் உறுப்புரை, வெவ்வேறு நாடுகளில் வாழும் தாய் தந்தையரோடு தொடர்பு வைத்துக்கொள்வதும் அதன்பொருட்டு நாட்டை விட்டுச் செல்வதும் பிள்ளையின் உரிமை என்கிறது. உரிமை பிள்ளைக்கு என்றால், பெற்றோரின் கையொப்பம் அவர்களுடைய சொத்தாக இருக்கமுடியாது. பிள்ளையின் காவலுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு அது.

கடவுச்சீட்டு வைத்திருப்பது ஒன்று. அதைக் காட்டிக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவது வேறொன்று. இரண்டையும் ஒரே கையொப்பத்தில் முடிச்சுப் போட்டிருப்பதே இந்தத் தொல்லையின் மூலம் என்பது என் துணிபு. கடவுச்சீட்டு எடுப்பதை இலகுவாக்கி, பிரயாணத்துக்கு ஆட்சேபம் உள்ளவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் காரணத்துடன் சொல்லுமாறு செய்யலாம். கடத்தல் அச்சம் மெய்யானால், பிள்ளை நாட்டை விட்டுச் செல்வதைத் தடுத்துக் குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவிக்கும் கட்டளையை நீதிமன்றம் பிறப்பிக்கட்டும். கடவுச்சீட்டை நீதிமன்றப் பதிவாளரிடமே வைத்து, பிரயாணத்தின்போது மட்டும் கொடுத்து வாங்கட்டும். இன்ன திகதிக்குள் பதில் சொல்லாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் சுருக்கமான விசாரணை ஒன்றும் வேண்டும். பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகியிருந்தால், நீதிபதி அதனையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்கலாம். 1964-இல் கேட்கத் தவறியதை இப்போதாவது கேட்போம்.

சட்டத் திருத்தம் வரும் வரையில் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் விவாகரத்து வழக்கு நடத்தும் சட்டத்தரணிகளிடமும், ஏழைகளுக்காக ஆஜராகும் சட்ட உதவி ஆணைக்குழுவினரிடமும் எனது வேண்டுகோள் இது: அடுத்த முறைப்பாட்டின் நிவாரணப் பகுதியில், கட்டுக்காவலும் தாபரிப்பும் கேட்கும் அதே இடத்தில், பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு யார் விண்ணப்பிப்பது, யார் வைத்திருப்பது, மூன்றாண்டுக்கு ஒருமுறை யார் ஒப்பமிட்டுப் புதுப்பிப்பது என்பதையும் கேளுங்கள். நீதிபதி கேளாத நிவாரணத்தைத் தாமாக வழங்குவதில்லை.