மங்கிய திரையில் மலர்ந்த கோல்கள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

இழந்ததை எண்ணி ஏங்குவது மனித இயல்பு. முதுமையில் இளமைக்கு ஏங்குகிறோம். அயலூரில் சொந்த ஊருக்கு ஏங்குகிறோம். ஆனால், தனக்கென்று என்றுமே இல்லாத ஒன்றை எண்ணி ஒருவன் ஏங்க முடியுமா? முடியும் என்பதற்கு நானே சான்று. நான் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, கடல் கடந்த நாட்டில், சேறு படிந்த மைதானங்களில் அடிக்கப்பட்ட கோல்களை எண்ணி நான் ஏங்குகிறேன்.

விடுதியில் விளக்கணைந்து நண்பர்கள் உறங்கிய பிறகு, கைப்பேசியின் சிறு திரையில் நான் பார்ப்பது நேற்று நடந்த ஆட்டத்தை அன்று. 1960-களிலும், 70-களிலும், 80-களிலும் இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய பழைய கால்பந்தாட்டங்களையே பார்க்கிறேன். "இவனுக்குப் பைத்தியம்" என்பார்கள் அறைத் தோழர்கள். அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது, எப்படித் தெளிந்தது, தெளிந்த பின்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சேற்றில் பிறந்த கோல்

நான் முதன்முதலில் பார்த்தது, 1972 பிப்ரவரி 5 அன்று ஹெரிஃபோர்டு என்னும் சிற்றூரில் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். ஒரு பக்கம் நியூகாசில் யுனைடெட். முதல் டிவிஷனில் ஆடும் பெரிய அணி. மறு பக்கம் ஹெரிஃபோர்டு யுனைடெட். நான்கு டிவிஷன்கள் கொண்ட லீக்கிலேயே இடம் பெறாமல், அதற்கு வெளியே சதர்ன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி. நியூகாசிலில் நடந்த முதல் ஆட்டம் 2-2 என்று முடிந்ததால் இந்த மறு ஆட்டம். பெய்த மழையில் மைதானம் நடவுக்கு உழுத வயல்போலக் கிடந்தது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் நியூகாசிலின் மால்கம் மெக்டொனால்டு தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். கதை முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆனால், ரோனி ராட்ஃபோர்டு என்பவர் நடு மைதானத்தில் சேற்றோடு போராடிப் பந்தைக் கைப்பற்றினார், தோழருக்குத் தள்ளினார், திரும்பப் பெற்றார், ஏறக்குறைய முப்பது கெஜத்திலிருந்து ஓங்கி உதைத்தார். பந்து வலையின் மேல் மூலையில் போய்ச் செருகியது. அடுத்த கணம் குளிர்ச்சட்டை அணிந்த சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் இன்னொரு கோல் போட, சிறிய அணி 2-1 என்று வென்றது.

ராட்ஃபோர்டு பிழைப்புக்குத் தச்சு வேலை செய்தவர். வர்ணனை செய்த ஜான் மாட்சனுக்கு அப்போது வயது 26, பி.பி.சி. தொலைக்காட்சியில் புதியவர். சில நிமிடத் துணுக்காகக் காட்டப்படும் என்று நினைத்துப் போன ஆட்டம், அன்றிரவு நிகழ்ச்சியின் தலைமை ஆட்டமாயிற்று. ஒரு தச்சரின் ஒரே உதை, ஓர் இளைஞரைப் புகழ்பெற்ற வர்ணனையாளர் ஆக்கியது. ராட்ஃபோர்டு 2022-லும், மாட்சன் 2023-லும் மறைந்தார்கள். அந்தப் பந்து மட்டும் இன்னும் மேல் மூலையை நோக்கிப் பறந்துகொண்டே இருக்கிறது.

அரிதாய் இருந்ததன் அருமை

'மேட்ச் ஆஃப் தி டே' என்னும் நிகழ்ச்சியைப் பி.பி.சி. தொடங்கியது 1964 ஆகஸ்ட் 22 அன்று. முதல் ஆட்டம் லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும். லிவர்பூல் 3-2 என்று வென்றது. அன்று ஆன்ஃபீல்டு மைதானத்தில் இருந்தோர் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேல். தொலைக்காட்சியில் பார்த்தோரோ ஏறத்தாழ இருபதாயிரம் பேர்தாம்! புதிய அலைவரிசை, லண்டன் வட்டாரத்துக்கு அப்பால் அது எட்டவில்லை.

லீக் ஆட்டங்களை நேரடியாகக் காட்டினால் மைதானம் காலியாகிவிடும் என்று கழகங்கள் அஞ்சின. 1960-ல் ஓர் ஆட்டத்தை நேரடியாகக் காட்டினார்கள்; முயற்சி அதோடு நின்றது. பிறகு 1983 அக்டோபரில்தான் லீக் ஆட்டம் நேரடியாகத் திரைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரசிகனுக்குக் கிடைத்தவை சனி இரவில் சில நிமிடங்கள். ஞாயிறு பிற்பகலில், பிரையன் மூர் நடத்திய 'தி பிக் மேட்ச்' போன்ற நிகழ்ச்சிகளில் சில நிமிடங்கள். அவ்வளவுதான். தவறவிட்டால் தவறவிட்டதே. அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் பார்த்தவன் சொல்ல, பாராதவன் கேட்க வேண்டியதுதான்.

இன்று ஓர் ஆட்டத்தை இருபதுக்கும் மேற்பட்ட கேமராக்கள் படம் பிடிக்கின்றன. கோல் விழுந்ததும் கொண்டாட முடியாமல், வீடியோ நடுவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம். நாளொன்றுக்கு நூறு கோல் பார்க்கிறோம். இரவில் படுக்கும்போது ஒன்றும் நினைவில் இல்லை. அறுசுவை விருந்தில் எதை உண்டோம் என்பது மறந்துபோகும். பசித்தவனுக்குக் கிடைத்த ஒரு கவளம் ஆயுளுக்கும் மறக்காது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அக்காலத்தில் ஒளிநாடாவின் விலை அதிகம். ஆகவே ஒளிபரப்பியதை அழித்து, அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள். 1960-களின் ஆட்டங்கள் பல அப்படியே அழிந்தன. 1985-ல் பணத் தகராறு மூண்டு, ஆகஸ்ட் முதல் மறு ஆண்டு ஜனவரி வரை தொலைக்காட்சியில் லீக் கால்பந்தே இல்லை. அந்தப் பருவத்தில்தான் வெஸ்ட் ஹாம் அணிக்குப் புதிதாக வந்த ஃபிராங்க் மெக்கவென்னி கோல்களைக் குவித்துக்கொண்டிருந்தார். லீக்கில் மட்டும் 26 கோல்கள். அணி மூன்றாம் இடம் பெற்றது. முதற்பாதியில் அவர் அடித்தவற்றை நாடு பார்க்கவில்லை. பார்த்தவர் மனத்தில் மட்டுமே அவை வாழ்கின்றன.

குரலும் சேறும்

அக்கால வர்ணனையாளர்கள் பேசத் தெரிந்தவர்கள். அதைவிட, பேசாதிருக்கத் தெரிந்தவர்கள். முதல் நிகழ்ச்சிக்கும் 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கும் குரல் கொடுத்த கென்னத் வோல்ஸ்டன்ஹோம், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். கோலுக்கு முன் ஓர் அமைதி. கோலுக்குப் பின் கூட்டத்தின் ஆரவாரம். அதற்குப் பிறகே அவர்கள் சொல்.

மைதானமும் அப்படித்தான். டார்பி கவுன்டி அணியின் பேஸ்பால் கிரவுண்டு சேற்றுக்குப் பேர் போனது. 1977 ஏப்ரல் மாத இறுதியில் மான்செஸ்டர் சிட்டியோடு நடந்த ஆட்டத்தில் டார்பிக்குப் பெனால்டி கிடைத்தது. ஆனால் பெனால்டி புள்ளியைக் காணோம்! சேறு விழுங்கிவிட்டது. மைதானக் காவலர் வாளியும் தூரிகையுமாக ஓடி வந்து, அளந்து, வெள்ளையடித்துவிட்டுப் போனார். பிறகு கெரி டேலி கோல் போட்டார். இன்றைய கம்பளப் புல்வெளியில் இக்காட்சியைக் காண முடியுமா?

பட்டிமன்றத்தில் ஒரு கேள்வி

இப்படியெல்லாம் பேசித்தான் சென்ற ஆண்டு நம் முத்தமிழ் மன்றத்தின் பட்டிமன்றத்தில் நான் கைதட்டல் வாங்கினேன். தலைப்பு, 'கால்பந்தின் பொற்காலம் அன்றா, இன்றா?' அன்றே என்பது என் அணி. ராட்ஃபோர்டைச் சொன்னேன்; வாளியும் தூரிகையும் சொன்னேன்; அரங்கம் சிரித்தது. வெற்றி நமதே என்று அமர்ந்தேன்.

எதிரணியில் அரசியல் அறிவியல் துறை மாணவி ஒருவர் எழுந்தார். "அண்ணன் கோல்களைக் காட்டினார். அந்தக் கோல்களைப் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்று அண்ணனுக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வரலாறு படிக்கும் நான், மூன்று நிமிடக் கோல் தொகுப்புகளை மட்டுமே பார்த்துவிட்டு ஒரு காலத்தைப் பொற்காலம் என்று முழங்கியிருக்கிறேன். அரங்கத்தின் முன் தலை குனிந்தேன். அன்றிரவு கோல்களை விட்டுவிட்டு, மற்றவற்றைத் தேடிப் பார்த்தேன்.

1985 மே 11. பிராட்ஃபோர்டு சிட்டி அணி மூன்றாம் டிவிஷன் கோப்பையை வென்று கொண்டாடிய நாள். பழைய மரப் பார்வையாளர் மாடம். அதன் அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை. அங்கே பற்றிய தீ, சில நிமிடங்களில் மாடம் முழுவதையும் விழுங்கியது. இறந்தோர் 56 பேர். ஆட்டத்தைப் பதிவு செய்ய வந்த கேமரா அதையும் பதிவு செய்தது.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய அரையிறுதி. ரசிகர்கள் நின்று பார்க்கும் படிக்கட்டுகளைச் சுற்றி இரும்பு வேலி. நெரிசலில் சிக்கியோருக்கு வெளியேற வழியில்லை. ஆட்டம் ஆறாம் நிமிடத்தில் நின்றது. பல்லாண்டுகள் கழித்து இறந்தவரையும் சேர்த்து, மாண்டவர் 97 பேர். பழியை ரசிகர்கள் மீதே போட்டார்கள். அவர்கள் மீது தவறில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை, இருபத்தேழு ஆண்டுகள், குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. நான் போற்றிய படிக்கட்டு ஆரவாரத்தின் விலை அது. 1990-ல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகே பெரிய மைதானங்கள் இருக்கைகளுக்கு மாறின.

அதே 1989-ல் மே 26 அன்று நடந்த ஆட்டத்தை நான் பலமுறை பார்த்திருந்தேன். லிவர்பூலை அதன் மைதானத்திலேயே இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் ஆர்சனலுக்குப் பட்டம். ஆட்டம் முடியும் தறுவாயில் மைக்கேல் தாமஸ் இரண்டாவது கோலைப் போட்டார். இதைவிட வியப்பான முடிவு லீக்கில் உண்டா என்று மகிழ்ந்தேன். அந்த ஆட்டம் ஏன் அவ்வளவு தாமதமாக, பருவத்தின் கடைசியில் நடந்தது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. ஹில்ஸ்பரோ துயரத்தால் தள்ளிப்போடப்பட்ட ஆட்டம் அது.

ஒரு விரல்

இன்னொரு கோலையும் சொல்ல வேண்டும். 1980 பிப்ரவரி 9. நார்விச் அணிக்கு ஆடிய ஜஸ்டின் ஃபஷானு என்னும் கறுப்பின இளைஞர், வயது 18. கோலுக்கு முதுகு காட்டி நின்றார். வந்த பந்தை மெல்லத் தட்டி எழுப்பினார். சுழன்று திரும்பி இடக்காலால் அடித்தார். லிவர்பூல் கோல்கீப்பரைக் கடந்து பந்து வலையில் விழுந்தது. அவர் துள்ளவில்லை, ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். அந்த ஆட்டத்தில் நார்விச் 3-5 என்று தோற்றது. ஆயினும் அப்பருவத்தின் சிறந்த கோல் அதுவே.

தொகுப்புகள் அந்த விரலோடு முடிந்துவிடுகின்றன. வாழ்க்கை முடியவில்லை. 1981-ல் பத்து லட்சம் பவுனுக்கு விற்கப்பட்ட முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார். 1990-ல் தாம் தன்பாலின விருப்பம் உடையவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் அவரே. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1998-ல், 37-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தப் பொற்காலம் அவருக்கும் பொற்காலமாக இருந்ததா?

ஏங்கலாமா, கூடாதா?

அப்படியானால் பழைய கோல்களைப் பார்ப்பதே தவறா? தவறன்று என்பதே என் முடிவு. பாதியைப் பார்த்துவிட்டு முழுமை என்று நம்புவதுதான் தவறு. பழைய படம் ஒரு சாட்சி. கல்வெட்டையும் செப்பேட்டையும் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுத் தருகிறார்கள் எங்கள் பேராசிரியர்கள். அதே விசாரணையை ஒரு கோலின் படத்துக்கும் செய்ய வேண்டும். பந்தைப் பாருங்கள், பந்துக்குப் பின்னே வேலியையும் பாருங்கள். ஓடிவரும் சிறுவர்களைப் பாருங்கள். அவர்கள் நிற்கும் மரப்பலகையையும் பாருங்கள்.

"வெள்ளைக்காரன் ஆடிய ஆட்டம் நமக்கெதற்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். சிறிய அணி பெரிய அணியை வீழ்த்தும்போது நெஞ்சு நிமிர்வதற்கு ஊரும் நிறமும் தடையில்லை. அரசுக் கல்லூரி மாணவனுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ?

நானும் நம் கல்லூரி அணியில் இடப்புறத் தடுப்பு ஆட்டக்காரன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், கொட்டும் மழையில், நம் அணித் தலைவர் அடித்த கோல் நினைவிருக்கிறதா? மழைக்குப் பயந்து எல்லோரும் கைப்பேசியைப் பைக்குள் வைத்திருந்தார்கள். படம் இல்லை. அன்று இருபது கெஜத்திலிருந்து அடித்தார். விடுதியில் இப்போது முப்பத்தைந்து கெஜம் ஆகிவிட்டது! அடுத்த ஆண்டு நாற்பது ஆகும். ஆகட்டும். ஆனால் அதே ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்த நம் கோல்கீப்பரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனோம், மைதானத்தில் முதலுதவிப் பெட்டிகூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். கோலை மட்டும் சொன்னால், அடுத்த ஆண்டும் பெட்டி வராது.

அந்தப் பட்டிமன்றத்தில் என் அணி தோற்றது. தீர்ப்பு நியாயமே. இன்றும் விளக்கணைந்த பிறகு ராட்ஃபோர்டின் பந்து மேல் மூலைக்குப் பறப்பதைப் பார்க்கிறேன், மெய் சிலிர்க்கிறது. ஆனால், கோல் விழுந்ததும் படத்தை நிறுத்துவதில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டே உறங்குகிறேன்.