வழியும் உரிமையும்

சின்னப் பாய்மரப் படகுகளைப் பந்தயத்தில் ஓட்டுகிற நண்பர் ஒருவர் தம் வெற்றியின் ரகசியத்தை என்னிடம் சொன்னார். "வழி எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டால் போதும் ஸார், சுக்கானைத் திருப்பி எதிராளியின் மேலேயே விடுவேன். பயந்து ஒதுங்கிவிடுவான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் விதியைப் பாதிதான் படித்திருக்கிறார்.

அந்த விதிகள் ஒன்றும் வேதாந்தமல்ல. ஒரு படகு வலப்புறமும் இன்னொன்று இடப்புறமும் காற்றை வாங்கிக்கொண்டு வந்து சந்தித்தால், இடப்புறம் வாங்குகிறவன் விலக வேண்டும். இருவருக்கும் ஒரே புறம் காற்று, பக்கத்தில் பக்கமாகப் போகிறார்கள் என்றால், காற்று வரும் திசையை ஒட்டியிருப்பவன் விலக வேண்டும். முன்னும் பின்னுமாகப் போனால் பின்னால் வருகிறவன் விலக வேண்டும். 'ஆப்டிமிஸ்ட்' என்று பெட்டி மாதிரி ஒரு படகு உண்டு. பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகள் அதில் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் பழகிவிடுகிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா விதியும் 'விலகு' என்றுதான் சொல்கிறது. 'மோது' என்று ஒன்றும் சொல்லவில்லை. மற்றவன் விலகக் கடமைப்பட்டிருக்கிறான் என்பதைத் தவிர, வழியுரிமைக்கு வேறு அர்த்தமே கிடையாது. அதற்கும் கட்டுப்பாடு உண்டு. உரிமை உள்ளவன் திசையை மாற்றினால், எதிராளி விலகிக்கொள்ள இடம் கொடுத்தாக வேண்டும். அவன் விலகப் போவதில்லை என்று தெரிந்தால், கூடியவரை மோதலைத் தவிர்த்தாக வேண்டும். மோதிச் சேதமோ காயமோ நேர்ந்துவிட்டால், 'வழி என்னுடையது' என்ற வாதம் அவனைக் காப்பாற்றாது.

"இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்றார் நண்பர். அங்கேதான் அவரோடு எனக்குச் சண்டை. சாதாரணப் பந்தயங்களில் தண்ணீரின் மேல் ஊதல் வைத்துக்கொண்டு நடுவர் நிற்பதில்லை. தப்பு செய்தவன் தானே உணர்ந்து, உடனே ஒதுங்கிப் போய், இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர வேண்டும். எல்லைக் குறியைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. அதற்குள் நாலு பேர் முந்திவிடுவார்கள். முந்தட்டும்! பார்க்க ஆளில்லை என்பதற்காகத் தப்பு, தப்பில்லாமல் போய்விடுமா? இதை அசட்டுத்தனம் என்பவருக்கு இந்த ஆட்டமே எதற்கு?

1988-ல் சியோல் ஒலிம்பிக்ஸின் படகுப் பந்தயம் பூசான் கடலில் நடந்தது. பலத்த காற்று. கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். வேறொரு பந்தயத்தில் இருந்த சிங்கப்பூர்ப் படகு ஒன்று கவிழ்ந்து, இருவர் தண்ணீரில் தவிப்பதைப் பார்த்தார். திருப்பினார். இருவரையும் தூக்கி ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் தம் பந்தயத்தை முடித்தார். நடுவர்கள் அந்தப் பந்தயத்துக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள். மொத்தத்தில் அவருக்குப் பதக்க இடம் கிடைக்கவில்லை. பியர் த குபெர்த்தன் பதக்கம் அளித்துக் கௌரவித்தார்கள். ஆபத்திலிருப்பவனுக்கு உதவு என்பதுதான் விதிப் புத்தகத்தில் முதல் விதி. வழியுரிமை அதற்குப் பிறகுதான் வருகிறது.

நண்பர் வருகிற ஞாயிறும் பந்தயத்துக்குப் போகிறார். புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது தடுமாறிக்கொண்டு எதிரே வருவான். சுக்கானைத் திருப்பி அவன் மேல் விடுவதற்கு முன்னால், அந்த இரண்டு சுற்றைச் சுற்ற வேண்டியவர் யார் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கட்டும்.